காக்காவும் காகமும்: வீட்டுப் படிப்பு குறித்துச் சில சந்தேகங்கள்

ஐந்து வயது மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். படத்தில் கறுப்பாய் ஒரு பறவை. கீழே 'காகம்'. விரலை வைத்து 'கா', 'க', 'ம்' என்று தனித்தனியே பிசகில்லாமல்தான் சொன்னாள். சேர்த்துச் சொல்லச் சொன்னதும் 'காக்கம்' என்றாள். "காக்கம் இல்லம்மா, காகம்." மறுபடியும் 'காக்கம்'. மூன்றாவது முறை திருத்தியபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "நாம காக்கான்னுதானப்பா சொல்லுவோம், இவங்க ஏன் மாத்திட்டாங்க?"

எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் இதற்குப் பதில் இல்லாமலில்லை. ககரம் சொல்லின் நடுவே தனியாக வந்தால் மெலியும். இரட்டித்தால் வல்லென்று நிற்கும். ஙகரத்தை அடுத்து வந்தால் 'தங்கம்' என்பதில் போல வேறொன்றாக ஒலிக்கும். வரிவடிவம் ஒன்று, ஒலி மூன்று. ஆனால் இந்த இலக்கணம் குழந்தைக்குத் தெரியாததல்லவே. நகம், பக்கம், தங்கம் எல்லாம் அவள் வாயில் சரியாகத்தான் வருகின்றன. அவளிடம் இல்லாதது அந்தச் சொல்தான். 'காகம்' என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'காக்கம்' என்பதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஓர் உடன்படிக்கை. வீட்டுச் சொல்லின் உடம்பில் புத்தகச் சொல்லின் வாலை ஒட்டி இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறாள்.

இதை இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம் மறைமலை நகரில் இருக்கும் ஒரு தோழர். பெயர் வேண்டாம், இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர். அவரும் அவர் துணைவியாரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில்லை, வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தார்கள். சேர்க்கப் போன மெட்ரிக் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தைக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்களாம். கட்டணம் தனி, ஷூ தனி, டை தனி. "நாம ஃபூக்கோ படிச்சது எதுக்கு தோழர்? மணியடிச்சா எந்திரி, மணியடிச்சா உக்காருன்னு புள்ளையப் பழக்கவா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவர் சொன்னதில் தவறில்லை. சிறை, பட்டாளம், தொழிற்சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் உறவுமுறையை ஃபூக்கோ 1975இல் எழுதிக் காட்டிவிட்டார். அதற்கு முன்பே 1970இல் அல்தூசர், தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம் உட்கார்ந்திருக்கிறது என்றார். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். ஆனால் அல்தூசரை நாம் பாதிதான் படித்திருக்கிறோம். அவர் சொன்னது ஒரு ஜோடியைப் பற்றி: தேவாலயம்–குடும்பம் என்றிருந்த ஜோடியின் இடத்துக்குப் பள்ளி–குடும்பம் என்ற ஜோடி வந்துவிட்டது என்பது அவர் வாதம். அந்த ஜோடியில் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு மற்றதன் மடியில் குழந்தையைக் கொண்டுபோய் வைப்பது எந்த வகை விமர்சனம்?

ஊரின் பெயரே இதைக் கிளறிவிடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, புதிதாகத் திட்டமிட்டு எழுப்பிய தொழில் நகரத்துக்கு மறைமலையடிகள் பெயரை வைத்தார்கள். கார்த் தொழிற்சாலை வந்தது, 2022இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியது. 'ஷிஃப்ட்', 'லைன்', 'ஓட்டி' என்ற சொற்களோடு விடிந்து அடைகிற ஊர். கார் செய்தவரின் பிள்ளை பாடநூலில் 'மகிழுந்து' படிக்கும். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை.

தனித்தமிழ் இயக்கத்தின் தோற்றக் கதையே ஒரு வீட்டுக் கல்விக் காட்சிதான் என்பதை நாம் கவனித்ததில்லை. 1916. பல்லாவரம். தந்தைக்கு அப்போது பெயர் சுவாமி வேதாசலம். மகள் நீலாம்பிகைக்கு வயது பதின்மூன்று. வீட்டுத் தோட்டத்தில் உலவியபடி வள்ளலார் பாடலொன்றைத் தந்தை பாடுகிறார். அதில் வரும் 'தேகம்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'யாக்கை' என்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்கிறார். அப்படியானால் நாம் ஏன் பிறமொழிச் சொற்களை விட்டுவிடக் கூடாது என்ற கேள்வி எழுகிறது. வேதாசலம் மறைமலை ஆகிறார். 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆகிறது. மகன் ஞானசம்பந்தம் 'அறிவுத்தொடர்பு' ஆகிறார். வீட்டில் ஓடியாடும் பிள்ளையின் பெயரே ஒரு பாடமாகிவிட்டது!

இந்தக் கதை எல்லா நூல்களிலும் மொழி மீட்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதை ஒரு வாசிப்புப் பாடமாகப் பாருங்கள். 'தேகம்' வடசொல், 'யாக்கை' தமிழ்ச்சொல், சரி. அந்த வீட்டின் அடுக்களையில் பேசிய சொல் எது? 'ஒடம்பு' என்பதாகத்தான் இருந்திருக்க முடியும். பாட்டின் யாப்புக்கு அது பொருந்தாது என்பீர்கள், இருக்கட்டும். ஆனால் வழக்கில் பிரதிவாதியாகக்கூட அதைச் சேர்க்கவில்லையே. சண்டை இரண்டு ஏட்டுச் சொற்களுக்கு நடுவே. வாய்ச்சொல் வேடிக்கை பார்த்தது. காட்சியில் இன்னொருவரும் இல்லை: தாய் சவுந்தரவல்லி. தோட்டத்தில் தந்தையும் மகளும் உலவியபோது வீட்டு வேலையை யார் பார்த்தார்கள் என்று வரலாறு கேட்பதில்லை.

நீலாம்பிகையைக் குறைத்து மதிப்பிட இதை எழுதவில்லை. தந்தையிடம் கற்ற தமிழைக் கொண்டு 1937இல் வடசொற்களுக்கு ஓர் அகரவரிசை தொகுத்தவர் அவர். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வீடு கொடுத்த படிப்பு எத்தனை தூரம் போக முடியும் என்பதற்கு அவரே சான்று. என் கேள்வி அந்த வீட்டைப் பற்றியது. அடிகளின் சொந்தப் பள்ளிப்படிப்பு நாகப்பட்டினத்தில் தந்தை இறந்தபின் பாதியிலே நின்றது. நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதுமளவு புலமை. நூலகம் அளவுக்குப் புத்தகம். சைவ வேளாள வீடு. தோட்டம். இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு வீடு பள்ளிக்கூடமாகும்.

இதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று கிடக்கிறது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்பும்படி ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். 1826 மார்ச் 10 தேதியிட்ட தன் குறிப்பில் அவர் வியக்கும் விஷயம்: சென்னப்பட்டணத்தில் வீட்டிலேயே படிப்பவர்கள் என்று வந்த எண்ணிக்கை 26 ஆயிரத்துக்கும் மேல், பள்ளியில் படிப்பவர்களைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். இதில் ஏதோ பிழையிருக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுகிறார். பிழையைக் கழித்தாலும் விஷயம் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்தில் வீட்டுப் படிப்பு பெரிய அளவில் நடந்திருக்கிறது. யார் வீட்டில்? உறவினரோ சம்பளத்துக்கு வைத்த ஆசிரியரோ சொல்லிக்கொடுக்க முடிந்த வீடுகளில். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களை அச்சிட்டபின், வெள்ளைக்காரன் வருமுன் எல்லோரும் படித்தோம் என்று ஒரு கூட்டம் பேசத் தொடங்கியது. அந்தப் பட்டியல்களில் சூத்திரப் பிள்ளைகள் கணிசமாக இருந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. பெண் குழந்தைகள் அரிதிலும் அரிது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயரிலேயே திண்ணை இருக்கிறது. திண்ணையில் ஏற விடாதவர்கள் யாரென்று பெயரில் இல்லை. 1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கியபோது அந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் வந்தார்கள். அவர்களுக்கு விடுதலை என்பது வீட்டைத் தாண்டியதில் தொடங்கியது.

இன்னும் கிட்டத்தில் ஒன்று. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம். கிராமத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள். வாழ்க்கையோடு கலந்த கல்வி, கைத்தொழில், குடும்பத்தின் அரவணைப்பு என்று அதற்குச் சொன்ன நியாயங்களை எடுத்து இன்றைய வீட்டுக்கல்விப் பிரசுரங்களோடு வைத்துப் பாருங்கள், சொல்லாடல் ஒன்றுபோலவே இருக்கும். பெரியார் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. வீடு என்ற சொல்லுக்குள் சாதி குடியிருக்கிறது என்பதை ஒரே சொல்லில் காட்டிய விமர்சனம் அது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார். நம் தோழர் தினமும் மின்சார ரயில் ஏறும் நிலையத்தின் பெயர்ப் பலகையில் மறைமலை நகருக்குப் பக்கத்தில் காமராஜர் பெயரும் இருக்கிறது. பலகையை யார் படிக்கிறார்கள்!

இல்லிச்சைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் தோழர் அவரைத் துணைக்கழைத்தார். 1971இல் பள்ளியைக் களைவது பற்றி எழுதிய இல்லிச், குழந்தையை வீட்டுக்குள் பூட்டச் சொல்லவில்லை. கற்றல் வலைகள் என்று அவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவிய ஏற்பாடு. வீட்டில் நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று 1981இல் புத்தகம் போட்டவர் ஜான் ஹோல்ட். அவருடைய அமெரிக்காவில் அடுத்த சில ஆண்டுகளில் அந்த வழியைப் பெரும்படையாக வந்து பிடித்துக்கொண்டவர்கள் பழமைவாதக் கிறித்தவக் குடும்பங்கள். பள்ளியில் பரிணாமக் கொள்கை சொல்லித் தருகிறார்கள் என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. கதவைத் திறந்தவரும் உள்ளே நுழைபவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.

பெயரிடலில் இருக்கும் அரசியலும் நம் கண்ணில் பட வேண்டும். தோழரின் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை. செங்கல் சூளையில் பெற்றோரோடு இருக்கும் குழந்தையும் போகவில்லை. மரம் வெட்டப் போன இருளர் குடும்பத்தின் குழந்தையும் போகவில்லை. பின்னிருவருக்கும் அரசு ஏட்டில் 'பள்ளி செல்லாக் குழந்தை', 'இடைநின்றவர்' என்று பெயர். முதல் குழந்தைக்கு மட்டும் 'ஹோம் ஸ்கூலிங்'. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மீறினால் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. இந்த ஓட்டை வழியே யாரால் நிம்மதியாக நுழைந்து வெளியே வர முடியும் என்பது தெரிந்ததுதான்.

எழுத்துக்குத் திரும்புகிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் உயிர், மெய், ஒட்டும் குறிகள் பிடிபட்டால் மீதி கணக்குதான். 1978இல் பெரியார் வடிவங்களை அரசு ஏற்றபின் ணை, லை, னை எல்லாம் மற்றவற்றோடு ஓர் ஒழுங்குக்கு வந்து சுமை இன்னும் குறைந்தது. 'அ' வின் சுழியில் தொடங்காமல் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் முதல் வாரமே 'படம்', 'மடம்' வாசித்துவிடலாம். என் மகள் அப்படித்தான் வந்தாள். எழுத்து தடையே இல்லை. தடை வருவது சொல்லில், அதைவிட வாக்கியத்தில். 'வந்துட்டாங்க' என்று பேசுகிற வாய் 'வந்துவிட்டார்கள்' என்பதைக் கூட்டி முடிப்பதற்குள் யார் வந்தது என்பதே மறந்துபோகிறது. தமிழில் வாசிக்கக் கற்பது இன்னொரு தமிழைக் கற்பது. அந்த இன்னொரு தமிழ் ஏற்கனவே புழங்கும் வீடுகள் கொஞ்சம். என் வீட்டில் அலமாரி நிறைய அது இருக்கிறது. ஆகவே என் மகள் படித்துவிடுவாள், பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும். இதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது.

பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் பிரேசிலின் ஆன்ஜிகோஸில் கூலித் தொழிலாளர்களுக்கு 'செங்கல்' போன்ற அவர்கள் வாய்ச் சொற்களிலிருந்தே எழுத்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். புதுக்கோட்டை அறிவொளி 1991இல் தொடங்கியபோது, நம் பெண்கள் சைக்கிளும் கையெழுத்தும் சேர்த்துக் கற்றபோது, அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. ஆனால் பெரியவர்களுக்குக் கொடுத்த அந்த மரியாதையைக் குழந்தைகளின் முதல் புத்தகத்துக்கு நாம் கொடுக்கவில்லை. 'காக்கா' என்று அச்சிட்ட பாலபாடம் வந்தால் தமிழ் அழிந்துவிடும் என்று முதலில் எழுதப்போகிறவர்கள் நம் தமிழ்த்துறை நண்பர்கள்தாம். வீட்டுக்கல்வித் தோழர்களும் வேறு புத்தகம் செய்யவில்லை. அதே 'காகம்' தான் அவர்கள் வீட்டு மேஜையிலும். பள்ளியை வாசலில் நிறுத்திவிட்டுப் பாடநூலைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியதும் எல்லா வீடும் பள்ளிக்கூடமானது. கைபேசி இருந்த வீடு, இல்லாத வீடு என்று தெருவே இரண்டாகப் பிளந்தது. 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது, புதிய கல்விக் கொள்கையின் தன்னார்வலர் யோசனை பின்வழியாக வருகிறதா என்று நம்மில் பலர் சந்தேகப்பட்டோம். சந்தேகம் நியாயமானது. ஆனால் மாலையில் ஒரு கோயில் மண்டபத்திலோ மொட்டை மாடியிலோ இருபது பிள்ளைகள் கூடி உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது இன்னொரு பிள்ளை. பெயரில்தான் இல்லம், நடந்தது இல்லத்துக்கு வெளியே.

நம் தோழர் நிராகரித்தது மெட்ரிக் பள்ளியை. அவர் தெருவுக்குப் பக்கத்திலிருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியின் வாசலை அவர் மிதித்ததேயில்லை. பள்ளிக்கு எதிரான அவருடைய கோட்பாட்டில் அது ஒரு பள்ளியாகக்கூட இடம்பெறவில்லை. இதை அவரிடமே சொன்னேன். கோபப்பட்டார், பிறகு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

அவர் போனபின் துணைவியார் டீ கொண்டுவந்து வைத்தார். "கோட்பாடெல்லாம் அவருது தோழர். ரெண்டு வருஷமா டீச்சர் நான்தான். பாத்துக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டேன், அது எந்தக் கட்டுரையிலயும் வராது" என்றார். எனக்கும் சுருக்கென்றது. என் வீட்டில் மூன்று முறை திருத்திவிட்டு எழுந்து போனவன் நான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மகளோடு உட்கார்ந்தவள் என் மனைவி. பிறகு அவர் கேட்டார், குழந்தைக்கு ஏழு நடக்கிறது, இப்போது போனால் ரெண்டாங் கிளாஸில் சேர்த்துக்கொள்வார்களா, ஒண்ணாவதிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வார்களா. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சியும் தர வேண்டும், சட்டத்தில் 4ஆம் பிரிவு என்றேன். பிள்ளையின் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.