கடுகின் நிழல்

பங்குகளின் வெள்ளி விழா மலர்களையும் நூற்றாண்டு மலர்களையும் புரட்டினால், கடுகு விதை உவமை தவறாமல் கண்ணில் படும். ஓலைக் கொட்டகையில் தொடங்கிய ஆலயம் இன்று கோபுரத்தோடு நிற்கிறது. சில குடும்பங்கள் பல நூறாயின. ஆகவே கடுகு மரமாயிற்று என்று அக்கட்டுரைகள் முடியும். அவற்றில் உள்ள நன்றியுணர்வு போற்றத்தக்கதே. ஆனால் ஆண்டவரின் உவமையை அவ்வாறு படிப்பது பொருந்துமா? இக்கேள்வி இலக்கியச் சுவைக்காக மட்டும் எழுவதன்று. உவமையைத் தவறாகப் படிக்கும் சமூகம், தன்னிடையே நிகழும் சிறு விசுவாசச் செயல்களையும் தவறாகவே மதிப்பிடும்.

தமிழர்க்குக் கடுகு அஞ்சறைப் பெட்டிப் பொருள். நம் பழமொழி அதன் காரத்தைப் புகழ்கிறது. திருவள்ளுவமாலையில் இடைக்காடர் பெயரால் வழங்கும் பாடல், கடுகினுள் ஏழு கடல்களை அடக்கிக் காட்டுகிறது. இவ்விரண்டிலும் கடுகு கடுகாகவே இருக்கிறது. சிறியது தன் சிறுமையிலேயே பெருமை பெறுகிறது. இயேசுவோ அதனை மண்ணில் புதைத்துவிடுகிறார். புதைந்தது தன்னை இழந்து வேறொன்றாகிறது.

இவ்வுவமைக்கு நம் இலக்கியத்தில் நெருங்கிய உறவு அதிவீரராம பாண்டியரின் வெற்றி வேற்கையில் உண்டு. மீன் முட்டையினும் நுண்ணிய ஆலம் விதையிலிருந்து எழும் மரம், யானையும் தேரும் குதிரையும் காலாளும் சூழ வரும் மன்னனுக்கு நிழலாகும் என்கிறார் அவர். பனையின் விதையோ பெரிது. மரமும் வானளாவ வளரும். ஆயினும் ஒருவர் ஒதுங்கக்கூட நிழல் தராது. உயரத்தை அன்று, நிழலையே பெருமையின் அளவுகோலாகக் கொண்ட அப்புலவரின் நோக்கு நம்மை நற்செய்தியின் வாசல்வரை கொண்டு சேர்க்கிறது.

இனி நற்செய்தியைக் காண்போம். மாற்கு (4:30-32) கடுகை மரம் என்று சொல்லவில்லை. செடிகளுள் பெரியது என்றே சொல்கிறார். மத்தேயுவும் லூக்காவும் மரம் என்கின்றனர். எசேக்கியேல் 17-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் மலையுச்சியில் நடும் இளங்கிளை உயர்ந்த கேதுருவாகிப் பறவைகளுக்கு உறைவிடமாகிறது. தானியேல் 4-இல் விண்ணை முட்டிய மரமோ நெபுகத்னேசர் மன்னன். அது வெட்டுண்டு வீழ்ந்தது. இந்நூல்களை அறிந்த மக்கள் கேதுருவை எதிர்பார்த்திருக்க, இயேசு தோட்டத்துக் கடுகைக் காட்டினார். அங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அது செடிதான். ஆயினும் மூவர் எழுதியதும் பறவைகளில்தான் முடிகிறது. பாண்டியரின் ஆல் படையோடு வரும் மன்னனுக்கு நிழல் தந்தது. இயேசுவின் கடுகோ விதைக்காத, அறுக்காத, யாருக்கும் கப்பம் கட்டாத பறவைகளுக்கு இடம் தந்தது. இறையரசின் தனித்தன்மை இங்கேதான் விளங்குகிறது.

நிழலின் அருமையைச் சேர்வராயன் மலை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொட்டச்சேடு முதலிய ஊர்களின் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் நிழலில் காப்பி பழுக்கிறது. அவற்றின் தண்டைப் பற்றி மிளகுக் கொடி ஏறுகிறது. தோட்டக்காரர் அம்மரத்தை உயரத்திற்காக மட்டும் வளர்ப்பதில்லை. அதன் கீழ் எது வாழ்கிறது என்றே பார்க்கிறார்.

அப்படியானால் வளர்ச்சியே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். வளராத செடி நிழல் தராது. ஆனால் வளர்ச்சி நிழலுக்காகவே என்பதை மறந்தால், கடுகை விதைத்துப் பனையை அறுவடை செய்தவர்களாவோம்.

நம் திருச்சபை வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்த டச்சு வீரர் டிலனாய், உடைமைகளை இழந்து வாடியிருந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னார். நொந்த நண்பருக்கு ஒரு கதை சொல்வது எவ்வளவு சிறிய செயல்! 1745 மே 14-இல் நீலகண்டர் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் அனைவரோடும் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. கதை சொன்ன டிலனாய் 1777-இலேயே உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகிவிட்டார். விதைத்தவன் உறங்கி எழ, அவன் அறியாமலே விதை முளைக்கிறது என்று மாற்கு (4:26-29) சொல்வதன் பொருள் இதுவன்றோ?

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் பெரிய ஆலயம் எழுந்தது. உள்ளே சாதிக்கு ஒரு பக்கம் என இரு பிரிவுகள், நடுவே தடுப்பு. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே பனை வளர்ந்த கதை இது. 1910-இல் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை அகற்றினார். எதிர்ப்பும் வழக்கும் தொடர்ந்தன. ஆலயம் எழுப்பப்பட்டதையும் தடுப்பு அகற்றப்பட்டதையும் ஒரு மலர் எழுதுமானால், எதைக் கடுகின் வளர்ச்சி என்று குறிக்கும்? நம் விடையில்தான் உவமையை நாம் படித்த விதம் வெளிப்படும்.

நம் பங்குகளிலும் விதைகள் நாள்தோறும் விழுகின்றன. உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் தாய், மாலையில் சிறுவர்க்குச் செபம் கற்பிக்கும் உபதேசியார், நோயாளியின் வீட்டுக்கு நடந்து சென்று செபமாலை சொல்லும் முதியவர் ஆகியோரின் பெயர்கள் மலர்களில் இடம்பெறுவது அரிது. கட்டடச் செலவும் நன்கொடையாளர் பட்டியலும் பக்கங்களை நிரப்பிவிடுகின்றன. இனி மலர் தயாரிப்போர், இத்தனை ஆண்டுகளில் இப்பங்கின் நிழலில் யார் யார் வந்து தங்கினர், யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று கேட்டு எழுதட்டும். விடை சில இடங்களில் வெட்கம் தரலாம். ஆயினும் அதுவே உண்மையான பங்கு வரலாறாகும். ஆண்டவரின் உவமைக்கு நேர்மையான உரையும் அதுவே.