ரிச்சர்ட் ஆலன் விட்ட இரண்டு கோல்கள்

மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம், விட்ட கோல்கள் இரண்டே இரண்டு. இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரான இந்திய ஹாக்கி கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலனை இன்று கொல்கத்தாவிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

1902-இல் நாக்பூரில் பிறந்து, முசூரியிலும் நைனிடாலிலும் படித்தவர். ஆனால் அவருடைய ஹாக்கி கல்கத்தாவினுடையது. துறைமுகம், சுங்கம், ரயில்வே என்று ஆளுக்கோர் அணி வைத்திருந்த ஊர் அது. 1895 முதல் பெய்டன் கோப்பை ஹாக்கிப் போட்டி நடந்துவந்த ஊரும் அது. ஆலன் போர்ட் கமிஷனர்ஸ் அணிக்கும் வங்காளத்துக்கும் ஆடினார்.

1928 ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது 29 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை. முன்னால் தயான் சந்த் இருக்கும்போது பின்னால் யார் நின்றால் என்ன என்று கேட்பவர்கள், அந்த இறுதியாட்டத்தைக் கவனிக்க வேண்டும். கேப்டன் ஜெய்பால் சிங் ஆடவில்லை. சிலர் நோயில் படுத்துவிட்டார்கள். தயான் சந்தே காய்ச்சலோடுதான் இறங்கினார். எதிரில் நெதர்லாந்து, சொந்த மண்ணில். முடிவு 3-0. மற்ற நான்கு ஆட்டங்களிலும் ஐந்துக்குக் குறையாமல் அடித்த அணி, அன்று மூன்றோடு நின்றது. அப்படிப்பட்ட நாளில்தான் கோல்கீப்பரின் விலை தெரியும்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது, அந்த ஒரு கோல் விழுந்த நேரத்தில் ஆலன் ஆட்டோகிராஃப் போட்டுக்கொண்டிருந்தார் என்பார்கள். அவரைப் பற்றி யாராவது பேசினால் இந்தக் கதையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. பந்தே வராத கோல் வாயிலில் நின்றுகொண்டு, வரும் ஒரே பந்துக்காக விழிப்போடு காத்திருப்பது ஹாக்கியின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. முகமூடியோ தலைக்கவசமோ இல்லாத காலத்தில் பத்தாண்டுக்கு நெருக்கமாக அதைச் செய்தவரை ஒரு வேடிக்கைக் கதைக்குள் அடைத்துவிட்டோம்.

1936 பெர்லினில் ஜெர்மனியுடனான இறுதியாட்டம் 8-1 என்பதால் எளிதாகத் தெரிகிறது. அப்படி இல்லை. போட்டிகளுக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்திருந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஆட்டம், ஈரமான தரை. இடைவேளையின்போது இந்தியா முன்னிலையில் இருந்தது ஒரே ஒரு கோலால். ஜெர்மனி முதல் பாதியில் ஆலனைத் தாண்டிச் சமன் செய்திருந்தால், இரண்டாம் பாதியில் தயான் சந்தும் ரூப் சிங்கும் அவ்வளவு தாராளமாக முன்னேறி ஆடியிருக்க முடியாது. ஜெர்மனியின் ஒரே கோல் இடைவேளைக்குப் பிறகுதான் விழுந்தது. அந்த ஒலிம்பிக் முழுவதும் இந்தியா வாங்கிய கோலும் அது ஒன்றுதான்.