அட்டை வாங்கும் டாக்டர்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் ஆறாமல் படுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டி, 'சார், இதை வாங்கிக்கிற டாக்டர் நம்ம ஏரியால யாராச்சும் இருக்காங்களா?' என்று கேட்டார். 'நிறையப் பேர் இருப்பாங்களே' என்று எல்லாம் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். சொன்ன பாவத்துக்கு அவரோடு கிளம்பினேன்.

முதல் கிளினிக்கில் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. இரண்டாவதில், 'இது எங்ககிட்ட செல்லாது அங்கிள்' என்றது ரிசப்ஷன் பெண். மூன்றாவது கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரி. திட்டத்தில் சேர்ந்தது என்று வாசலிலேயே போர்டு. அங்கேதான் விவரமான பதில் கிடைத்தது: 'மாத்திரை, டிரெஸ்ஸிங் எல்லாம் இதுல வராதுங்க. அட்மிஷன் ஆகிற மாதிரி ஆனா வாங்க. விரலை எடுக்கிற மாதிரி ஆபரேஷன்னா பார்த்துக்கலாம்.'

அதாவது, விரலைக் காப்பாற்றக் காசு கிடையாது. எடுக்க உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் தேடி எடுத்த புத்தகம் ஏ.ஜே. க்ரோனின் எழுதிய 'தி சிட்டடெல்'. 1937-ல் வந்த ஆங்கில நாவல். அடுத்த வருஷமே கிங் விடோர் அதைப் படமாக எடுத்தார். 1971-ல் விஜய் ஆனந்த் எடுத்த 'தேரே மேரே சப்னே' என்ற இந்திப் படத்துக்கும் இதுதான் மூலம். க்ரோனினே ஒரு டாக்டர். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வைத்தியம் பார்த்தவர். அதில் ஒன்று ட்ரெடிகர். அங்கே தொழிலாளர்கள் வாராவாரம் கூலியில் கொஞ்சம் கொடுத்து, தங்களுக்கென்று ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். அதே ஊரில் பிறந்த சுரங்கத் தொழிலாளி மகன் அனூரின் பெவன்தான் பிற்பாடு பிரிட்டனின் சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5-ம் தேதி நாடு முழுவதற்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். இந்த நாவல் அதற்கு மக்கள் மனதைத் தயார்செய்தது என்று சொல்பவர்கள் உண்டு.

கதாநாயகன் ஆண்ட்ரூ மேன்சன், படிப்பு முடித்த கையோடு சுரங்க ஊருக்கு வரும் இளம் டாக்டர். டைபாய்டு பரப்பும் சாக்கடையை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்து, யாரும் அசையாததால் நண்பனோடு சேர்ந்து ராத்திரியில் வெடி வைத்துத் தகர்க்கிறான். அப்புறம் லண்டன் போய்ப் பணக்கார நோயாளிகளிடம் காசு பார்த்துக் கெட்டுப்போகிறான். ஒரு திறமையில்லாத சர்ஜனின் கையில் ஓர் ஏழை செருப்புத் தொழிலாளி செத்த பிறகு திருந்துகிறான்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அவன் திருந்தின உடனே, தங்கமான மனைவியை பஸ்ஸில் அடிபட்டுச் சாகவைக்கிறார் ஆசிரியர். நம்ம ஊர் டைரக்டர்கள்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். லண்டன் டாக்டர்கள் பெரும்பாலும் அட்டைக்கத்தி வில்லன்கள். கடைசியில் விசாரணைக் காட்சியில் வசனம் மழை.

ஆனால் நடுவில் ஒரு பகுதி வருகிறது. அதற்காகவே இதைப் படிக்கலாம். அபரலா என்ற ஊரில் ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஓர் அட்டை. தனக்குப் பிடித்த டாக்டரிடம் அதைக் கொடுத்து வைக்கலாம். எத்தனை அட்டையோ அத்தனை சம்பளம் அந்த டாக்டருக்கு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? மேன்சனிடம் ஒருவன் வழக்கம்போல் வேலைக்குப் போகாமலிருக்க மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கிறான். இவன் பரிசோதித்துவிட்டு, உனக்கு ஒன்றுமில்லை என்று மறுக்கிறான். அவன் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறான். அவனைப் பார்த்து இன்னும் பலர். நேர்மையாக இருந்த குற்றத்துக்கு வருமானம் குறைகிறது. போதாததற்குத் தலைமை டாக்டருக்கு ஒவ்வொரு உதவி டாக்டரும் சம்பளத்தில் பங்கு வெட்டவேண்டும்.

க்ரோனின் இங்கே எந்தப் பக்கமும் சாயவில்லை. தொழிலாளி எல்லாரும் நல்லவர், சங்கம் என்றால் சொர்க்கம் என்று எழுதவில்லை. காசு எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியாகத்தான் வைத்தியமும் போகும் என்று காட்டுகிறார். அட்டைக்குக் காசு என்றால் டாக்டர் அட்டைக்காரனுக்குப் பயப்படுவார். ஊசிக்குக் காசு என்றால் ஊசி போடுவார். ஆபரேஷனுக்கு மட்டும் காசு என்றால்? மூன்றாவது ஆஸ்பத்திரியில் கேட்ட பதில்தான்.

நம் திட்டத்தைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012-ல் முதலமைச்சரின் விரிவான திட்டமாகி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று பெரிய வியாதி வந்த வீட்டில் கேட்டுப்பாருங்கள், கும்பிடுவார்கள். ஆனால் அந்த வியாதி வராமல் பார்த்துக்கொள்ளும் தெரு டாக்டருக்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த டாக்டரை நாம் சினிமாவில்தான் கொண்டாடுகிறோம். 'மெர்சல்' படத்தில் ஐந்து ரூபாய் டாக்டருக்கு விசில் அடித்தோம். வியாசர்பாடியில் நிஜமாகவே ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020-ல் காலமானபோது கண்கலங்கினோம். அப்படி ஒரு மனிதர் கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஊருக்கு வைத்தியம் நடத்த முடியாது. நூறு ரூபாய் வாங்கும் சாதாரண டாக்டரும் நம்மைக் கவனித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும்.

பிரிட்டனில் குடும்ப டாக்டருக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி, அவரிடம் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை வைத்தே கணக்காகிறது. நீங்கள் ஆரோக்கியமாக இருந்தால் அவருக்கு நஷ்டமில்லை. மேன்சன் பட்ட பாட்டிலிருந்து ஒரு பாடம்: சர்டிபிகேட் மறுத்ததற்காக டாக்டர் பட்டினி கிடக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். இன்னொரு பாடம்: நடுவில் பங்கு வெட்டுகிற ஆளை உள்ளே விடக்கூடாது. நம் காப்பீட்டு அட்டையிலும் 'என் டாக்டர்' என்று ஒரு பெயர் எழுத இடம் விட்டு, அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பார்த்தால் என்ன? விரல் எடுக்கும் செலவில் எத்தனை பேருக்கு வருஷம் முழுக்கச் சர்க்கரை பார்க்கலாம் என்று நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இஸ்திரிக்காரர் இப்போது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். மாத்திரை, டிரெஸ்ஸிங் இரண்டும் இலவசம். புண் ஆறிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

'டாக்டர் எப்படி?' என்று கேட்டேன்.

'நல்லாத்தான் பார்க்கிறாங்க சார். போன தடவை இருந்த அம்மா இப்ப இல்லை. வேற ஒருத்தர். ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து கதை சொல்லணும்.'

'அட்டை?'

'பத்திரமா இருக்கு சார். பெருசா ஏதாவது வந்தாத்தானே அது?'