சிலம்பும் கணினியும்

மின்சாரம் நின்றாலும் விமானப் பயணம் தடைப்பட்டாலும், ‘எவனோ பகைவன் கணினிக்குள் புகுந்துவிட்டான்’ என்று முடிவுகட்டுவது இன்று பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடனாகும்.

2024 ஜூலை 19ஆம் நாள், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. சாங்கி விமான நிலையத்திலும் சில நிறுவனங்கள் பயணிகளைக் கணினியின் துணையின்றிக் கைம்முறையாகப் பதிவு செய்ய நேர்ந்தது. தாக்கியவர் எவருமிலர். காவலுக்கென நிறுவப்பட்ட மென்பொருளுக்கு, அதனை ஆக்கிய கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமே அனுப்பிய பிழையான புதுப்பிப்பே காரணம். வேலியே சாய்ந்து பயிரை நசுக்கிற்று.

தாக்குதல் உண்மையாகவே நிகழ்ந்தவிடத்தும், தாக்கியவர் யாரெனத் துணிதல் எளிதன்று. 2018 பிப்ரவரியில், தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது கணினிகள் முடக்கப்பட்டன. நாசநிரலில் காணப்பட்ட தடயங்கள் வடகொரியாவைச் சுட்டின. அவை பிறர்மேல் பழி விழுமாறு வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்பது பின்னரே புலனாயிற்று. 2020 அக்டோபரில் அமெரிக்கா குற்றஞ்சாட்டியதோ ரஷ்ய இராணுவ உளவுத்துறையினர் அறுவரை.

சிலப்பதிகாரம் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. திருடிய பொற்கொல்லனே கோவலன்மேல் பழி சுமத்தினான். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். கையிலிருந்த சிலம்பே போதிய சான்றாயிற்று. உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று உயிர் போகுமுன் எவரும் பார்த்திலர்.

அங்ஙனமாயின் பகைவரே இலரோ எனின், அன்று. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. விசாரணைக் குழு, தாக்கியோர் திறன்மிக்கவர் என்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் பணியாளரின் பயிற்சிக் குறைவு, காலத்தே செயற்படாமை, சீர்செய்யப்படாத பழுதுகள் ஆகியவற்றை மறைக்காது எடுத்துரைத்தது. தாக்கியவர் பெயரை அரசாங்கம் வெளியிடவில்லை; தன் பக்கத்துக் குறைகளை உரைத்த அறிக்கை 2019 ஜனவரியில் மக்கள்முன் வைக்கப்பட்டது. இவ்வொழுங்கே நாம் பின்பற்றத் தக்கது. பகைவன் பெயரை முழங்குவதால் பழுது நீங்குவதில்லை. பல நேரங்களில் அம்முழக்கம் பொறுப்பற்றவர்க்கு மறைவிடமாகிவிடுகின்றது.

ஆதலின், ‘யார் செய்தார்?’ என்று மாணவர் வினவும்போது, ‘எது பழுதுற்றது? அதற்குச் சான்று என்ன?’ என்று முதலில் வினவப் பழக்குவோம். சிலம்பை உடைத்துப் பார்த்த பின்னரே தீர்ப்பு எழுதப்படல் வேண்டும்.