ராபன் தீவு: கைதிகள் ஜெயித்த சிறை

கேப் டவுனுக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் டேபிள் மலையின் புகழைத்தான் பாடுவார்கள். பாடட்டும். என்னைக் கேட்டால், அந்த ஊரில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மலையைக் கீழிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகப் படகுத்துறைக்குப் போங்கள் என்பேன். ராபன் தீவைப் பார்க்காமல் விமானம் ஏறிவிடாதீர்கள்!

ஒரு சிறைக்கூடத்துக்கு இப்படி ஒரு விசிறியா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் என்ன செய்ய? கட்டியவர்களின் கொடுமையைவிட, அடைபட்டவர்களின் கெட்டிக்காரத்தனம் ஓங்கி நிற்கிற சிறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வேண்டாதவர்களை இந்தத் தீவில் கொண்டுபோய்த் தள்ளுவதை டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டார்கள். கோய்கோய் மக்களின் தலைவர் ஆட்சுமாட்டோ ஒரு துடுப்புப் படகில் ஏறி இங்கிருந்து தப்பிப் போனார். ஆங்கிலேயரை எதிர்த்த ஹோசா தலைவர் மகானா, தப்பும் முயற்சியில் கடலுக்கே பலியானார். இன்றைய இந்தோனேசியாவின் மதுரா தீவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே இறந்த இஸ்லாமியப் பெரியவர் மோத்தூருவுக்கு ஒரு தர்காவே இருக்கிறது. 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்ததும் இங்கேதான். 1961இல் நிறவெறி அரசு இதைக் கடுங்காவல் சிறையாக்கியது.

சிறைக்குள் நம்மை அழைத்துப் போகிறவர் ஒரு முன்னாள் அரசியல் கைதி. இந்த ஒன்றுக்காகவே டிக்கெட் காசு தகும்! தான் படுத்த அறையில் நின்றுகொண்டு, பேருந்து நேரம் சொல்வது போல அவர் பேசுகிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. சோற்றிலும் நிறம் பார்த்த கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ரொட்டி உண்டு, கறுப்பருக்குக் கிடையாது. ஒரே வழக்கில், ஒரே ஆயுள் தண்டனை பெற்றவர்கள் அகமது கத்ராடாவும் நெல்சன் மண்டேலாவும். 34 வயது கத்ராடாவுக்கு இந்தியர் என்பதால் முழுக்கால்சட்டை. அவரைவிட மூத்த மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை. கறுப்பன் எந்த வயதிலும் சிறுவன்தான் என்று சொல்லாமல் சொல்லும் உடுப்பு அது.

மண்டேலாவின் அறைக்கு முன்னால் எப்போதும் கூட்டம். மூன்று எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும். 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகள், 1964 முதல் 1982 வரை, அவர் இருந்தது இந்தத் தீவில்தான். படம் எடுத்துக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். வெளியே இருக்கும் முற்றத்தைப் பாருங்கள். இரவில் ரகசியமாக எழுதிய சுயசரிதையை அங்கிருந்த தோட்ட மண்ணில் புதைத்து வைத்தார் மண்டேலா. பொடிப்பொடி எழுத்தில் எடுத்த நகலை, 1976இல் விடுதலையான மாக் மகராஜ் வெளியே கடத்திவிட்டார். அதன் பிறகு மண் தோண்டும்போது மூலப்பிரதி சிக்கியது. தண்டனையாக நாலு வருஷம் படிப்புச் சலுகை ரத்து. ஆனால் புத்தகம் ஏற்கெனவே கடல் தாண்டிவிட்டதே!

சுண்ணாம்புக் கல் குவாரியில் வெயில் எதிரொளித்துக் கண்ணைப் பறிக்கிறது. வருஷக்கணக்கில் இங்கே கல்லுடைத்துப் பலருக்குப் பார்வையே கெட்டது. அங்கே ஒரு குகை. கைதிகளுக்குக் கழிப்பிடம் அதுதான். காவலர்கள் உள்ளே வர மாட்டார்கள் என்பதால் வகுப்பறையும் அதுதான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்கள் பாஸாகிப் போனார்கள்.

கால்பந்து கதை இன்னும் அமர்க்களம். விளையாட விடுங்கள் என்று வருஷக்கணக்கில் விடாமல் கேட்டு, அதற்காகத் தண்டனையும் வாங்கி, கடைசியில் அனுமதி பெற்றார்கள். அதோடு விட்டார்களா? மகானா பெயரில் சங்கம், சட்டதிட்டம், நடுவர்கள், ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மூன்று டிவிஷன் லீக் என்று ஃபிஃபா விதிப்படி நடத்தினார்கள். 2007இல் ஃபிஃபாவே அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி தந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சன்னி வெங்கடரத்னத்தின் தந்திரம். டர்பன்காரரான இவர், ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்புக்குச் சாமி படம் போட்ட தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, இது என் வேதப்புத்தகம் என்று காவலர்களை நம்பவைத்துவிட்டார்! புத்தகம் அறை அறையாகச் சுற்றியது. 30க்கும் மேற்பட்டவர்கள் தமக்குப் பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். மண்டேலா தேர்ந்தது ஜூலியஸ் சீசரில். பில்லி நாயர் தேர்ந்தது, இந்தத் தீவு எனக்குத்தான் சொந்தம் என்று டெம்பெஸ்ட் நாடகத்தில் காலிபன் உரிமை கோரும் இடம். என்ன குசும்பு பாருங்கள்!

நமக்கும் இந்தத் தீவில் உறவு உண்டு. காந்தியுடன் டிரான்ஸ்வால் சத்தியாகிரகத்தில் முன்நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு இங்கே 10 ஆண்டுகள் இருந்தார். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

பேருந்தில் போகும்போது, நிறவெறியை எதிர்த்த தலைவர் ராபர்ட் சொபுக்வே வாழ்ந்த வீட்டைத் தவற விடாதீர்கள். அவருடைய தண்டனைக் காலம் 1963இல் முடிந்தது. விடுவிக்க மனமில்லாத அரசு அவர் ஒருவருக்காகவே சட்டம் போட்டு, 1969 வரை அங்கே தனியாக வைத்திருந்தது. ஒற்றை ஆளுக்கு ஒரு நாடே அவ்வளவு பயந்திருக்கிறது.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். காற்று பலமாக அடித்தால் படகு விட மாட்டார்கள், அதனால் ஊரில் முதல் நாளே போய்விடுவது நல்லது. சட்டை மேல் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், வழியில் பெங்குவின் கண்ணில் படும்.

மண்டேலா, மொட்லாந்தே, ஜூமா: விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவுக்கு இந்த ஒரே சிறையிலிருந்து மூன்று குடியரசுத் தலைவர்கள் வந்தார்கள். மூவரும் ஒரே தரமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அது வேறு சண்டை. ஆனால் ஆளவே கூடாது என்று பூட்டிவைத்தவர்களை ஆளப் பழக்கி அனுப்பிய இடம் எப்படியிருக்கும் என்று ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டாமா?