மட்டை கையில இருக்கு, மைதானம்?

'புளூ ஸ்டார்' படத்தை 2024 ஜனவரியில் பார்த்தேன். அரக்கோணத்துக் காலனிப் பையன்களின் கிரிக்கெட் அணி அது. எதிரில் ஊர்த்தெருவின் ஆல்ஃபா பாய்ஸ். பிற்பாதியில் பகை மறந்து இரண்டு பக்கமும் கைகோர்க்கிறார்கள். இயக்குநர் ஜெயக்குமாருக்கு அந்தப் பையன்களின் பேச்சும் ரோஷமும் தெரிந்திருக்கிறது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து', ஜாலி ஃபிரண்ட்ஸ் அணியில் அன்புக்கு ஏன் இடமில்லை என்று கேட்டது. ரெண்டும் நல்ல படம்தான். நானும் விசிலடிச்சேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அணியில் யாருக்கு இடம் என்று கேட்கும் இந்தப் படங்களின் கண், அணி நிற்கிற இடம் யாருது என்பதில் தங்குவதில்லை. மைதானம் அங்கே ஆகாயம் மாதிரி, எப்பவும் இருக்கும்.

ஒரகடம் பக்கத்துச் சேரியில் எங்களுக்கு அப்படி இருந்ததில்லை. கோடையில் ஏரி வத்தினா உள்வாய்தான் கிரவுண்டு. தண்ணி ஏறினா மேய்க்கால் புறம்போக்கு. வெடிச்ச களிமண்ணுல குடத்துத் தண்ணி தெளிச்சு, திம்சுக்கட்டையால இடிச்சுப் பிட்ச் போடுவோம். ஊர்க்காரர் மாடு வந்து பிட்ச்சில் படுத்துக்கும், விரட்டினா சண்டை. ஊர்த்தெரு டீமோடு ஆடினா தண்ணிக்குத் தனிச் சொம்பு. 1911-இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்த பல்வங்கர் பாலுவுக்கே பூனாவில் தேநீர் தனிக் குவளையில், பெவிலியனுக்கு வெளியேதான். நாங்க எம்மாத்திரம்?

பட்டா மட்டும் எங்ககிட்ட இல்லை. செங்கல்பட்டுச் சேரிகளின் நிலைமையை கலெக்டர் திரமென்கீர் எழுதி, 1892-இல் பஞ்சமி நிலத்துக்கு உத்தரவு வந்த அதே சீமை இது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்தார்கள். விளைகிற நிலத்துக்கே அந்தக் கதி. விளையாடுகிற நிலத்தை யார் கேட்பது?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடியே போனது. இந்த வரத்துபோக்குக்கு நடுவில் எங்க புறம்போக்கைச் சுற்றியும் ஒருநாள் கம்பிவேலி வந்தது. சினிமாவில்போல அணிகள் சேரவில்லை, ரெண்டுமே கலைந்தன. ஊர்த்தெருவில் நிலம் வித்தவங்களுக்குப் பணமாவது வந்தது. எங்களுக்குப் போனது ஆட்டம். அதுக்கு இழப்பீடு கேக்க எந்தப் பாரத்தை நிரப்புறது?

அக்கா மகன் ஒப்பந்தத் தொழிலாளி. நைட் ஷிப்ட் இல்லாத வாரம் பசங்களோட காசு போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு டர்ஃப் எடுத்து ஆடுறான். சுத்தியும் மேலயும் வலை. செல்போனில் காட்டினான்.

"சிக்ஸர் அடிச்சா பந்து எங்கடா போவும்?"

"வலையில பட்டுக் கீழ விழும் மாமா."