ஆட்சேபணைக்குப் பிறகு

முடிவைச் சொல்லாமல் இந்த வீடியோ கேமை விமர்சிக்க முடியாது. ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஷூ தகுமி எழுதி இயக்கி, ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2001இல் வெளியிட்டது 'க்யாகுதென் சைபான்'. 2005இல் 'ஏஸ் அட்டர்னி' என்று ஆங்கிலத்தில் வந்தது. ஃபீனிக்ஸ் ரைட் என்ற இளம் வக்கீல், கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுகிறான். ஆடுபவனுக்கு விரல் வேகம் தேவையில்லை. சாட்சியம் வாக்கியம் வாக்கியமாகத் திரையில் வருகிறது. சந்தேகம் தட்டும் வாக்கியத்தில் நிறுத்திச் சாட்சியைத் துருவலாம். அல்லது கைவசமுள்ள தடயங்களில் ஒன்றை நீட்டி ஆட்சேபிக்கலாம். முதல் ஆட்டத்தில், ஐந்தாவது தப்போடு கட்சிக்காரர் குற்றவாளியாகிவிடுகிறார்.

இதன் பலம், வாசிப்பதே இங்கே செயலாக இருப்பது. ஒரு வார்த்தை இடறுகிறது. அந்த இடறலைக் கவனித்தவனுக்கு மட்டுமே கதை நகர்கிறது. கதைச் சுவாரஸ்யத்தில் மிதந்து போகும் வாசகனை இது உள்ளே விடுவதில்லை. நாலாவது வழக்கில் ஒரு கிளியைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். கேலிக்கூத்துதான். ஆனால் அது ஒப்பிக்கும் ஓர் எண், அதை வளர்த்தவனைப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கொலையோடு பிணைத்துவிடுகிறது. மனித சாட்சிகளிலும் கிளிகள் உண்டு என்பது அப்போது உறைக்கிறது.

ஜப்பானில் விசாரணைக்கு வரும் குற்ற வழக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடிகின்றன. ஆட்டத்தில் விசாரணைக்கு மூன்றே நாள். சந்தேகத்தின் பலன் யாருக்கும் கிடைப்பதில்லை. உண்மைக் கொலைகாரனை வக்கீலே பிடித்துத் தந்தாக வேண்டும். சிரிப்புக்கு அடியில் இருக்கும் இந்தக் கசப்பு அசலானது.

குறைகள் இரண்டு. உண்மையை நாம் முன்பே ஊகித்துவிட்டாலும், ஆசிரியர் நினைத்த தடயத்தை, அவர் நினைத்த வாக்கியத்தில் நீட்டினால்தான் செல்லும். வாசிப்பு அப்போது ஆசிரியரின் மனசை ஊகிக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது இன்னும் அடிப்படையானது. நான் வங்கி குமாஸ்தா. சாயங்காலம் கணக்கு டாலியாகாமல் உட்கார்ந்த நாட்கள் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் திருட்டால் வருவதில்லை; களைப்பில் இடம் மாறிய இலக்கத்தால் வருகிறது. சில சமயம் காரணமே தெரியாமல் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ரைட்டின் நீதிமன்றத்தில் சஸ்பென்ஸ் கணக்கு கிடையாது. மறதிக்கும் பயத்துக்கும் சில காட்சிகள் ஒதுக்கப்பட்டாலும், கடைசியில் எல்லா முரண்களும் ஒரு குற்றவாளியிடம் வந்து டாலியாகிவிடுகின்றன.

இந்த ஒழுங்கைத் தகுமியே ஒருமுறை உடைத்தார். 2002இல் வந்த இரண்டாவது ஆட்டத்தின் கடைசி வழக்கில், ரைட்டின் கட்சிக்காரனான நடிகன் மாட் எங்கார்ட் கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றவன். அவன் விடுதலையாகாவிட்டால் கடத்தி வைக்கப்பட்டிருக்கும் மாயா சாவாள். அவனைத் தப்பவைக்க, கொலை செய்யாத ஒரு பெண்மீது ரைட் பழி போட வேண்டியிருக்கிறது. முரண் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் இங்கே எதற்கும் உதவவில்லை. குற்றவாளியா, நிரபராதியா என்று ஆட்டம் நம்மைக் கேட்கிறது. வெகுநேரம் நான் பொத்தானை அழுத்தவில்லை. பிறகுதான் தெரிந்தது, எதை அழுத்தினாலும் கதை ஒரே வழியில்தான் போகும் என்று. கேள்வி வரை வந்த தகுமி, பதிலின் பாரத்தை ஆடுபவன்மேல் இறக்கத் துணியவில்லை.

ஆனாலும் அந்தத் தயக்கம் என்னுடையதாகவே இருந்தது. நம் விமர்சனத்தில் பெரும்பகுதி, பிறர் எழுத்தில் முரணைப் பிடித்து விரல் நீட்டுவதோடு முடிந்துவிடுகிறது. நானும் அப்படி எழுதியவன்தான். முரணைக் காட்டியபின், எதைக் காப்பாற்ற அவன் அப்படி முரண்பட்டான் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நான் எழுதிய மதிப்புரைகள் எதிலும் அதைக் கேட்டதாக நினைவில்லை.